செய்யதலி பாத்திமா எழுதிய அரபி உரை

ஜமாதுல் ஆகிர் பிறை 18, சனி

இன்று வந்த கோபத்தில் கையிலிருந்த சாக்பீஸை நொறுக்கிவிட்டேன். முன் வரிசைப் பிள்ளைகள் முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஐந்தாம் ஜும்ராவுக்கு, அதாவது ஐந்தாம் வருஷப் பிள்ளைகளுக்கு, இன்ஷா வகுப்பு. இன்ஷா என்றால் அரபியில் சொந்தமாக எழுதுவது. இந்த மதரஸாவில் அதற்கு அர்த்தமே வேறு: எவரோ எழுதியதை உருப்போட்டு அப்படியே இறக்கிவைப்பது. "காலையில என்ன சாப்பிட்டிய, அஞ்சு வரி எழுதுங்க" என்றேன். எல்லாரும் ரொட்டியும் தேனும் தின்று ஒட்டகப் பால் குடித்திருக்கிறார்கள்! கடையநல்லூர்ப் பிள்ளைக்கும் ஒட்டகப் பால், புளியங்குடிப் பிள்ளைக்கும் ஒட்டகப் பால். விடுதியில் போட்டது ரவை உப்புமா, அதுவும் அடிப்பிடித்தது. அந்த நாற்றம் வகுப்பறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது, இதுகள் தேன் குடித்ததாம். ஐந்து வருஷமாக இலக்கணம் படித்து, எந்தக் கிதாபைக் கொடுத்தாலும் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொல்லிவிடுவார்கள். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் நாக்குத் தள்ளிவிடுகிறது.

ஒருத்தி மட்டும் உப்புமா என்று எழுதியிருந்தாள். செய்யதலி பாத்திமா, மேலப்பாளையத்துக்காரி. "அரபியில் இதற்குப் பெயர் இல்லை. அரபிகள் இங்கே வந்து இதைச் சாப்பிட்டிருந்தால் கட்டாயம் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அது நல்ல பெயராக இருந்திருக்காது" என்று நல்ல அரபியில் எழுதியிருக்கிறாள். சிரித்துவிட்டேன். உடனே மற்றவர்களும் சிரிக்க, அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மைனி, அண்ணன் சம்சாரம், மாவு ஆட்டாமல் எனக்காக வைத்திருக்கிறாள். நான் சம்பளம் வாங்காத வேலைக்காரி. ஆட்டினேன்.

ஜமாதுல் ஆகிர் பிறை 19, ஞாயிறு

நாஜிர் ஹஜ்ரத் கூப்பிட்டனுப்பினார். மதரஸாவை நடத்துபவர் அவர்தான். பெண்கள் இருக்கும் எங்கள் பக்கம் வரமாட்டார். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இத்தனை வருஷத்தில் அவர் செருமலைத்தான் எனக்குத் தெரியும், முகம் தெரியாது.

"என்ன உஸ்தாபி, பிள்ளைகள உப்புமாவப் பத்தி எழுதச் சொன்னியளாமே?"

"சாப்பிட்டத எழுதச் சொன்னேன் ஹஜ்ரத்."

"அரபு மொழி சுவனத்து மொழி. அதுல போயி உப்புமாவா? நல்ல கட்டுரையா பத்துப் பன்னெண்டு மனப்பாடம் பண்ண வைங்க. ஆண்டு விழாவுக்கு ஆகும்."

சுவனத்து மொழியில் பொய் மட்டும் எழுதலாமாக்கும்! இந்தப் பிள்ளைகள் நாளைக்கு யாருக்கு என்ன எழுதப்போகிறார்கள்? சொந்த வார்த்தை ஒன்று வாயில் இல்லாமல் ஆலிமா பட்டம் வாங்கி என்ன செய்வது? அப்படியே கேட்டிருக்க வேண்டும்.

சரி ஹஜ்ரத் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரஜப் பிறை 3, சனி

பெரிய செய்தி. ஷஃபானில் நடக்கும் ஆண்டு விழாவுக்குத் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பெண்கள் அரபிக் கல்லூரியின் முதல்வர் ஹஜ்ரத் வருகிறார். எங்கள் மதரஸாவில் எந்தப் பிள்ளை தானே எழுதிய உரையை அரபியில் பேசுகிறதோ, அந்தப் பிள்ளைக்கு அவருடைய கல்லூரியில் மேற்படிப்பு. தங்க இடம், சாப்பாடு, முடித்ததும் அங்கேயே உஸ்தாபி வேலை. மொத்தத்தில் ஒரே இடம்.

ஒரே இடமென்றால் ஒரே பெயர்தான். செய்யதலியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். ரமலான் கழிந்து ஷவ்வாலில் நிக்காஹ் பேசி வைத்திருக்கிறார்களாம். கொல்லத்தில் டீக்கடை வைத்திருக்கும் மாமா மகன். இவள் வாப்பா மௌத்தாகி நாளாகிவிட்டது, உம்மா பீடி சுற்றுகிறாள்.

"உம்மா என்ன சொல்லுதாக?"

"மேல படிக்க இடம் கெடச்சா நிக்காஹ தள்ளிவைக்கேன், கெடைக்கலன்னா வாய மூடிட்டுக் கட்டிக்கோன்னு சொல்லுதாக உஸ்தாபி."

"அப்ப வாயத் தொறளா! அழுது என்ன பண்ண?"

எனக்கும் இப்படித்தான் வாயை மூடச் சொல்லிக் கட்டிவைத்தார்கள். இரண்டு வருஷத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன்? அது வேறு கதை.

ரஜப் பிறை 5, திங்கள்

லுஹர் தொழுகைக்குப் பிறகு தினமும் செய்யதலி என்னிடம் வருகிறாள். தலைப்பு பெண் கல்வி. முதல் நாள் ஒரு தாள் நிறைய எழுதி வந்தாள். "கல்வி ஒரு பேரொளி, அறியாமை ஓர் இருள்." எல்லா மதரஸாவிலும் எல்லா விழாவிலும் இதே ஒளி, இதே இருள். குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"ஏன் உஸ்தாபி? பிழை இருக்கா?"

"பிழை இல்ல. நீ இல்ல."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு எத எழுதினாலும் புடிக்காது" என்று முணுமுணுத்தாள். காதில் விழுந்தது. இன்னும் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்.

ரஜப் பிறை 10, சனி

சமையல்காரம்மா வரவில்லை. நானும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து சோறு வடித்தோம். கையைச் சுட்டுக்கொண்டேன். ஹஜ்ரத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து "சாம்பார்ல உப்பு கம்மி" என்று சொல்லியனுப்பினார்.

ரஜப் பிறை 14, புதன்

எழுதிவிட்டாள்! யா அல்லாஹ், எழுதிவிட்டாள்.

ஒளி இல்லை, இருள் இல்லை. அவள் உம்மா இருக்கிறாள். மடியில் சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டே உம்மா யாஸீன் ஓதுகிறாள். ஓர் எழுத்துப் பிசகாது. நூலைக் கட்டும் விரலும் நிற்காது, வாயும் நிற்காது. ஒருநாள் மகள் கேட்கிறாள்: "உம்மா, இப்ப ஓதினியே, அதுல அல்லா என்ன சொல்லுதான்?" உம்மா சொல்கிறாள்: "அது எனக்கெப்படித் தெரியும்? நல்லதாத்தான் சொல்லியிருப்பான்." அந்த உம்மாவுக்காகத்தான் நான் அரபி படிக்க வந்தேன் என்று முடிகிறது. தூய அரபி, எங்கும் இரவல் இல்லை. பீடியிலை நாற்றம் அரபியில் வருவதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

நான் தொட்டது இரண்டே இடம். வாசித்துவிட்டு அவள் முன்னால் அழக்கூடாதென்று வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

"நல்லாருக்கா உஸ்தாபி?"

"பரவால்ல" என்றேன்.

ரஜப் பிறை 21, புதன்

ஆத்திரத்தில் எழுத்தெல்லாம் கோணலாகப் போகிறது, போகட்டும்.

ஹஜ்ரத் கூப்பிட்டார். உரை அருமையாம். மதரஸா நிர்வாகத் தலைவர் பீர்ஒலி ஹாஜியாரிடமும் சொல்லிவிட்டாராம். ஹாஜியாருக்கு அரபியில் அலிஃபுக்கு மேலே தெரியாது, இருந்தாலும் ரொம்பச் சந்தோஷமாம். அதனால், அந்த உரை, இங்கேயே படிக்கும் ஹாஜியார் மகள் நபீலா பெயரில் போகுமாம்.

"நபீலாவா? அவளுக்கு நாலு வரி சேர்ந்தாப்புல வாசிக்க வராதே ஹஜ்ரத்."

"அவ வாசிக்க வேண்டாம். செய்யதலியே வாசிக்கட்டும். மேடையில பேர மட்டும் நபீலான்னு சொல்லிக்கிடுவோம். திரைக்குப் பின்னாலதான பேசுதாக? கொரல்தான கேக்கும், யாரு பாக்கப்போறா?"

பிள்ளைகளின் மானத்துக்காகத் தொங்கும் திரை. அதற்குள் இப்படி ஒரு களவாணித்தனம் நடத்தலாம் என்று யாருக்குத் தோன்றும்! இவருக்குத் தோன்றியிருக்கிறது.

"அப்ப அந்த எடம்?"

கொஞ்சம் செருமினார். "அது நபீலாவுக்கு. புதுக் கட்டடம் யாரு கட்டித்தந்தது உஸ்தாபி? மேல் மாடி இன்னும் பாதியில நிக்கி. நூறு பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளை விட்டுக்கொடுக்கக் கூடாதா? அல்லா அந்தப் பிள்ளைக்கு வேற வழி தொறப்பான்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! வேறு வழியை அல்லாஹ் திறப்பானாம், திறந்திருக்கிற வழியை இவர் அடைப்பாராம். திரையைக் கிழித்துக்கொண்டு போய்க் கேட்டிருக்க வேண்டும்.

என்ன பதில் சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை.

ரஜப் பிறை 24, சனி

செய்யதலியிடம் சொல்லும் வேலையும் என் தலையில். சொன்னேன். கட்டடம், மேல் மாடி, நூறு பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அல்லாஹ் வேறு வழி திறப்பான் என்பதையும் சொன்னேன் போலிருக்கிறது.

"சரி உஸ்தாபி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னளா சரி? ஒனக்கு ரோஷமே இல்லியா? ஒன் எழுத்த இன்னொருத்தி பேருல வாசிக்கச் சொல்லுதேன், சரிங்கிற!"

"நீங்கதான சொல்லுதிய."

"நான் சொல்லல. ஹஜ்ரத் சொல்லச் சொன்னாக."

"ஹஜ்ரத்துகிட்ட நீங்க என்ன சொன்னிய?"

"அது ஒனக்கெதுக்கு?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரிடம் என்ன கேட்பது என்ற மட்டுமரியாதை இல்லை.

ரஜப் பிறை 28, புதன்

நபீலா ஸ்டாஃப் அறைக்கு வந்து நின்றாள். கையைப் பிசைந்துகொண்டு, "எனக்கு அந்தக் காலேஜுக்குப் போகவே இஷ்டம் இல்ல உஸ்தாபி. அங்க போயி ஒண்ணும் தெரியாம முழிப்பேன். வாப்பாகிட்ட நீங்க சொல்லுங்களேன்" என்றாள்.

"ஒன் வாப்பாகிட்ட நீதான் சொல்லணும்."

"பயமாருக்கு."

"பயந்தா ஒண்ணும் நடக்காது. ஒரு தடவ வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லிப் பாரு" என்று கத்தி அனுப்பினேன். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்ல வராதா?

ஷஃபான் பிறை 4, செவ்வாய்

விழாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு எழுதி முடித்தேன். எங்கள் வழக்கம் அதுதான். பிள்ளை அரபியில் பேசி முடித்ததும் உஸ்தாபி அதே மைக்கில் தமிழில் வாசிக்க வேண்டும். கூட்டத்துக்கு அரபி தெரியாதே. மேடையில் இருக்கும் இரண்டு மூன்று ஆலிம்களைத் தவிர எல்லாரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சுருதி ஏறினால் மாஷா அல்லாஹ் சொல்வார்கள், இறங்கினால் சுபுஹானல்லாஹ் சொல்வார்கள்.

பீடி என்பதை எடுத்துவிட்டுக் கைத்தொழில் என்று போடச் சொன்னார் ஹஜ்ரத். ஹாஜியார் சம்சாரம் பீடி சுற்றியதாக ஆகிவிடுமாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களுக்கு ஒரு பீடி பெரிதா? மாற்றிக் கொடுத்தேன்.

செய்யதலி ஒத்திகைக்கு வருகிறாள், வாசிக்கிறாள், போகிறாள். என்னோடு பேச்சில்லை.

ஷஃபான் பிறை 10, திங்கள்

நேற்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பின் விழா. முன்னால் பந்தலில் ஆண்கள், மேடையில் திருச்சி முதல்வர், நாஜிர் ஹஜ்ரத், பீர்ஒலி ஹாஜியார். பக்கவாட்டில் திரை, திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்க, செய்யதலியும் நானும் மைக்குக்குப் பக்கத்தில் நின்றோம். நபீலா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அடுத்து அரபி உரை. எழுதி வழங்குபவர், தலைவர் அவர்களின் அருமை மகள் நபீலா" என்று ஹஜ்ரத் அறிவித்தார். செய்யதலி மைக்கைக் கையில் எடுத்தாள். இறைவனைப் புகழும் ஹம்தும் நபிக்கான ஸலவாத்தும் அழகாகச் சொன்னாள். உம்மா வந்தாள், சுளகு வந்தது, யாஸீன் வந்தது. ஒத்திகையில் செய்தது மாதிரியே போனது. நான் மொழிபெயர்ப்புத் தாளை விரித்துத் தயாராக வைத்திருந்தேன்.

கடைசிப் பத்திக்கு முன்னால் நிறுத்தினாள். மூச்சை இழுத்துவிட்டு வேறு எதையோ தொடங்கினாள்.

நான் திருத்திக்கொடுக்காத வாக்கியம். அவள் எனக்கு எழுதிக்காட்டாத வாக்கியம். ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. பாயில் சாய்ந்து கிடந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்தினாள். ஒட்டகப் பால் குடித்த கூட்டம்! அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது.

வெளியே ஒருவருக்கும் புரியவில்லை. அவள் குரல் ஏற ஏற, "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்கிறார்கள். திரை இடுக்கில் பார்த்தேன். பீர்ஒலி ஹாஜியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன்னை ஒரு பெண் அரபியில் கிழித்துத் தொங்கவிடுவது தெரியாமல் மனுஷன் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். அறிவிப்பு மைக்கோடு இருந்த நாஜிர் ஹஜ்ரத்தின் தாடி ஆடியது. அவரால் என்ன செய்ய முடியும்? நிறுத்து என்று சொன்னால் ஏன் என்று கூட்டம் கேட்கும். திருச்சி முதல்வர் மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்தாள். மைக்கை என் கையில் கொடுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது உஸ்தாபி ஜைத்தூன் அவர்கள் இதன் கருத்தைத் தமிழில் சொல்வார்கள்" என்றார் ஹஜ்ரத். குரல் கம்மிவிட்டது. "எழுதி வச்சிருக்கிறத மட்டும் வாசிங்க உஸ்தாபி" என்று சேர்த்துக்கொண்டார். கூட்டம் அதை என்னவென்று நினைத்ததோ.

தாளைப் பார்த்தேன். ஹாஜியார், ஹஜ்ரத், மைனி, என்னைத் திருப்பி அனுப்பிய வீடு, எல்லார் மேலும் எனக்கிருந்த கோபம் மொத்தமும் அந்த நேரத்தில் வந்தது. தாளைக் கசக்கிக் கீழே போட்டேன். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னேன், வரிக்கு வரி:

"நான் நபீலா அல்ல. என் பெயர் செய்யதலி பாத்திமா. மேலப்பாளையம் பீடி சுற்றும் மர்யம் பீவியின் மகள். இந்த உரையை எழுதியவள் நான். என் குரலை எடுத்துக்கொண்டு இன்னொரு பெயரை அறிவித்தார்கள். திரை எங்கள் முகத்தை மறைக்கத்தான், எங்கள் பெயரைத் திருட அல்ல. நபீலா மேல் குற்றம் இல்லை, அவள் இதைக் கேட்கவில்லை. என் உம்மா அர்த்தம் தெரியாமல் ஓதினாள். நீங்கள் இப்போது அர்த்தம் தெரியாமல் மாஷா அல்லாஹ் சொன்னீர்கள். உம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. உங்களுக்கு என்ன சாக்கு?"

ஹாஜியார் எழுந்து, "என்னவே இது! நிறுத்துங்க!" என்று கத்தினார். நாற்காலிகள் இழுபட்டன. இன்னும் ஒரே வரி பாக்கி இருந்தது. அதற்குள் மைக் நின்றுவிட்டது. அவர்கள் வேலையாகத்தான் இருக்கும், வேறு யார் நிறுத்தப்போகிறார்கள்?

திருச்சி முதல்வர் மேடை மைக்கில் பேசினார். குரல் பந்தல் முழுக்கக் கணீரென்று கேட்டது. "அந்தப் பிள்ளையோட பேரையும் உம்மா பேரையும் எழுதி எங்கிட்ட குடுங்க. ஷவ்வால்ல எங்க கல்லூரிக்கு வந்து, என் முன்னால உக்காந்து, நான் சொல்ற தலைப்புல எழுதட்டும். எழுதிட்டா அந்த எடம் அவளுக்கு." அவ்வளவுதான் சொன்னார். சாப்பிடாமல் வண்டி ஏறிவிட்டார்.

இன்று காலையில் ஹஜ்ரத் ஆள் அனுப்பிவிட்டார். ஷவ்வாலிலிருந்து நான் வர வேண்டாமாம். அனுப்பட்டும்! எனக்கு ஒரு பயமும் இல்லை. இன்று மாவை மைனியே ஆட்டினாள். பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து, "நல்லாக் கேட்டிய உஸ்தாபி, நறுக்குன்னு கேட்டிய" என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன்.

ஷஃபான் பிறை 12, புதன்

பிள்ளைகள் ரமலான் லீவுக்கு ஊருக்குப் போகிறார்கள். என் கிதாபுகளை எடுத்துவரப் போனேன். வாசலில் செய்யதலியின் உம்மா பெட்டியோடு நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மகளுக்கு நீங்கதான் உஸ்தாபி வழி தொறந்து விட்டிய. நிக்காஹ தள்ளிவைக்கச் சொல்லிட்டேன்" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

செய்யதலி என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். ஸலாம் சொல்லி துஆ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உஸ்தாபி, கடைசி வரிய விட்டுட்டியளே."

"மைக்கத்தான் நிறுத்திட்டாகளே. ஒனக்குத் தெரியாதா?"

"நான் பக்கத்துலதான நின்னேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "சுச்சு மைக்கோட கழுத்துல இருக்கு. ஒங்க பெருவெரல் அதுமேல இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நன்றி கெட்ட கழுதை! உனக்காக வேலையை விட்டிருக்கிறேன், ஊர் முழுக்கப் பகையாக்கிக்கொண்டு நிற்கிறேன், நீ என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? இப்படியெல்லாம் கேட்க வாயெடுத்தேன். அவள் ஸலாம் சொல்லிவிட்டு உம்மாவோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஷஃபான் பிறை 13, வியாழன்

மைனி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. நேற்றிலிருந்து யார் யார் மேலேயோ கோபப்பட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் ஒட்டமாட்டேன் என்கிறது.

அந்த வரி இதுதான். தமிழில் எழுதுகிறேன், பிழையில்லாமல்:

"பொய் எழுதாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இதோ என் பக்கத்தில் நிற்கிறார், என் பெயரை விட்டுக்கொடு என்று என்னிடம் வந்து சொன்னவரும் அவர்தான், அதற்கு முன்னால் அவர் ஒரு தடவைகூட யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பார்க்கவில்லை."